சொகுசுக் கப்பல் நீச்சல் குளத்தில் குழந்தைக்கு ஏதாவது ஆனால்... லைஃப்கார்டு இருப்பாரா? டாக்டர் என்ன செய்வார்? யார் பொறுப்பு?

கோடை லீவு வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிக்கொண்டிருந்த குடும்பங்களின் லிஸ்டில் இப்போது க்ரூஸ் கப்பலும் சேர்ந்துவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னை துறைமுகத்தில் இருந்து கார்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அடுத்த ஆண்டே அந்தக் கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்கும் போய் வந்தது. சிங்கப்பூர் டூர் போகிறவர்களும் அங்கிருந்து கப்பல் ஏறி நாலைந்து நாள் சுற்றி வருகிறார்கள்.

விளம்பரத்தில் முதலில் காட்டுவதே மேல் தளத்தில் இருக்கும் நீச்சல் குளத்தையும் சறுக்கு விளையாட்டையும்தான். குழந்தைகளும் அதைப் பார்த்துத்தான் அடம்பிடிக்கிறார்கள். ஆனால் அந்தக் குளத்தில் குழந்தை வழுக்கி விழுந்தாலோ, மூழ்கினாலோ அடுத்து என்ன நடக்கும்? 108-க்கு ஃபோன் போட முடியாது. பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி கிடையாது. டிக்கெட் போடும்போது பலரும் கேட்காத இந்தக் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் பார்க்கப் போகிறோம்.

லைஃப்கார்டு கட்டாயமா?

இல்லை. பலருக்கும் இது ஆச்சரியமாக இருக்கும்.

டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் உருவான 'சோலாஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தம்தான் இன்றைக்கும் கப்பல் பாதுகாப்புக்கு அடிப்படை. உயிர்காக்கும் படகு எத்தனை, தீயணைப்பு எப்படி, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையெல்லாம் அது பார்க்கிறது. கப்பலுக்குள் இருக்கும் குளத்தில் குழந்தையை யார் கவனிப்பது என்பது அதன் வேலை இல்லை. அமெரிக்காவில் 2010-ல் க்ரூஸ் பயணிகளின் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஓரத் தடுப்புக் கம்பி 42 அங்குல உயரம் இருக்க வேண்டும், அறைக் கதவில் வெளியே பார்க்கும் துளை வேண்டும், குற்றம் நடந்தால் எஃப்பிஐ-க்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. லைஃப்கார்டு பற்றிப் பேச்சே இல்லை.

அதனால் லைஃப்கார்டு வைப்பதும் வைக்காததும் அந்தந்த நிறுவனத்தின் முடிவு. அந்த முடிவுகள் எப்போது வந்தன என்று பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கும்.

2013 மார்ச்சில் டிஸ்னி ஃபேன்டஸி கப்பல் ஃப்ளோரிடாவின் போர்ட் கனாவெரல் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் கிளம்பவே இல்லை. அதற்குள் 4 வயதுச் சிறுவன் ஒருவன் குளத்தில் மூழ்கினான். உயிர் பிழைத்தான், ஆனால் மூளை பாதிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் டிஸ்னி தன் குடும்பக் குளங்களில் லைஃப்கார்டுகளை நிறுத்தத் தொடங்கியது. 2013 அக்டோபரில் கார்னிவல் விக்டரி கப்பலில் 6 வயதுச் சிறுவன் குளத்தில் மூழ்கி இறந்தான். 2014 பிப்ரவரியில் நார்வீஜியன் பிரேக்அவே கப்பல் அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தபோது ஒரே குளத்தில் இரண்டு குழந்தைகள் மூழ்கினார்கள். 4 வயதுக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. 6 வயதுக் குழந்தைக்கு உயிர் திரும்பியது, ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோனார்கள்.

ராயல் கரீபியன் 2017-ல்தான் தன் எல்லாக் கப்பல்களுக்கும் லைஃப்கார்டு என்று அறிவித்தது. நார்வீஜியனும் அதே ஆண்டு பெரிய கப்பல்களில் தொடங்கியது. கார்னிவலோ தன் குளங்களில் லைஃப்கார்டு இல்லை, பிள்ளைகளைப் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்லி வந்திருக்கிறது. ஆக, ஒரு கப்பலில் பார்த்ததை வைத்து அடுத்த கப்பலிலும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் ஏறப்போகும் கப்பலின் பெயரைச் சொல்லி, "எந்தக் குளத்தில், எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை லைஃப்கார்டு இருப்பார்?" என்று கேளுங்கள். "நிறைய ஸ்டாஃப் இருப்பாங்க சார்" என்பது இதற்குப் பதில் இல்லை. கூல்டிரிங்ஸ் கொண்டுவரும் ஊழியரும் ஸ்டாஃப்தான்.

கப்பல் குளம் ஏன் வேறு மாதிரி?

முதல் விஷயம், கப்பல் ஆடும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது குளத்துத் தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடும். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்த குழந்தைக்கு ஒரு நொடியில் கழுத்தளவு வந்துவிடலாம். கடல் ரொம்பக் கொந்தளித்தால் ஊழியர்களே குளத்தைக் காலி செய்து வலை போட்டு மூடிவிடுவார்கள். அந்த முடிவு எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் ஆபத்து.

அடுத்தது ஆழம். ஊரில் நாம் பார்க்கும் குளங்கள் மெதுவாகச் சரிந்து ஆழமாகும். கப்பலில் இடம் குறைவு. ஓரத்தில் உட்காருவதற்கு ஒரு திண்டு, அதைத் தாண்டினால் நேராக ஆழம் என்று பல குளங்கள் இருக்கும். 5 வயதுக் குழந்தையின் சராசரி உயரமே மூன்றரை அடிதான். பெரியவர் மார்பளவுக்கு நின்று சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் குழந்தைக்குத் தலைக்கு மேல் தண்ணீர்.

கூட்டமும் சத்தமும் தனிப் பிரச்சினை. கடலில் செல்லும் நாட்களில் இறங்கிப் பார்க்க ஊர் எதுவும் இல்லாததால் மொத்தக் கப்பலும் குளத்தைச் சுற்றித்தான் இருக்கும். மேலே பெரிய திரையில் படம், பக்கத்தில் டிஜே. நூறு தலைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தலை தண்ணீருக்குள் போனால் யாருக்குத் தெரியும்?

வழுக்கி விழுவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. ஈரமான தரை, ஓடும் பிள்ளைகள், இரும்பு விளிம்புகள். பல் உடைவது, மணிக்கட்டு முறிவது, புருவத்தில் தையல் என்று பெரும்பாலும் அதோடு போய்விடும். சறுக்குகளில் உயர வரம்பு போட்டிருப்பார்கள். "ரெண்டு இன்ச்சுதானே, விடுங்க" என்று ஊழியரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். திருப்பங்களில் உடல் எடையும் வேகமும் பார்த்துத்தான் அந்த அளவை வைக்கிறார்கள்.

சூடான நீர்த்தொட்டி இன்னொன்று. தண்ணீர் 40 டிகிரி வரை இருக்கும். சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களை விட வேகமாகச் சூடாகிவிடும். தொட்டியின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் குழாயில் தலைமுடியோ உடம்போ மாட்டும் அபாயமும் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி 7 வயதில், 2002-ல் இப்படித்தான் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. உறிஞ்சு குழாய்க்குப் பாதுகாப்பு மூடி கட்டாயம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் குழந்தையை உடனே வெளியே எடுங்கள், பிறகு ஊழியரிடம் சொல்லுங்கள்.

டயப்பர் போடும் வயதுக் குழந்தைகளை அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் பொதுக் குளத்தில் இறக்க அனுமதி இல்லை. நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இல்லை. அங்குள்ள சிடிசி என்ற சுகாதார அமைப்பின் விதி இது. சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்றே தண்ணீர் தெளிக்கும் தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

மூழ்கும் குழந்தை கத்தாது

சினிமாவில் காட்டுவது போல கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று யாரும் கத்துவதில்லை. மூச்சு விடவே காற்று இல்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் கீழேயும் போய்ப் போய் வரும். கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். பார்ப்பவர்களுக்குக் குழந்தை நின்ற இடத்தில் துள்ளி விளையாடுவது போலத்தான் இருக்கும். இப்படி மேலே தெரிவது 20 முதல் 60 நொடிகள்தான். அதற்குப் பிறகு உள்ளே போய்விடும். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நாலைந்து நிமிடங்கள் ஆனால் நிரந்தர பாதிப்பு தொடங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். பெரும்பாலானவை குளம், கிணறு, ஆறு. கப்பல் குளத்தில் நடப்பது அதில் மிகச் சிறிய பங்குதான். பயந்து டிக்கெட்டை கேன்சல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கிணற்றடியில் பிள்ளையை விட்டால் பாட்டி திட்டுவார். கப்பலில் அப்படித் திட்ட யாரும் இல்லாததால் எல்லாரும் கொஞ்சம் அசந்துவிடுகிறோம்.

குடும்பமாகப் போகும்போது ஒரு சிக்கல் உண்டு. அப்பா, அம்மா, சித்தி, மாமா என்று எட்டுப் பேர் குளத்தோரம் இருப்பார்கள். யாரோ ஒருத்தர் பார்த்துக்குவாங்க என்று எட்டுப் பேரும் நினைப்பார்கள். இதற்கு எளிய வழி, "அடுத்த 20 நிமிஷம் நான்தான்" என்று ஒருவர் பேர் சொல்லிப் பொறுப்பு எடுத்துக்கொள்வது. அந்த 20 நிமிடம் அவர் கையில் செல்ஃபோனும் இருக்கக் கூடாது, க்ளாஸும் இருக்கக் கூடாது. குழந்தை கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்று பலூன்கள் விளையாட்டுப் பொருள்தான், பாதுகாப்புக் கருவி இல்லை. சில கப்பல்களில் குளத்தின் அருகிலேயே குழந்தைகளுக்கான மிதவை ஜாக்கெட் இலவசமாகத் தருகிறார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

தண்ணீரில் இருந்து தூக்கியவுடன் என்ன செய்ய வேண்டும்?

நம்ம ஊரில் இன்றைக்கும் நடப்பது, குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது. இரண்டும் தவறு. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். உப்புக் குவியலில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையையும் நம்பாதீர்கள்.

மூழ்கியவருக்குத் தேவைப்படுவது காற்று. திடீரென்று இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை மட்டும் அமுக்கும் முறை இங்கே போதாது. குழந்தை அசைவில்லாமல், மூச்சில்லாமல் இருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். அமெரிக்க இதய சங்கம் 2 மூச்சு என்கிறது, ஐரோப்பிய முறையில் 5 மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அமுக்கு, 2 மூச்சு என்று தொடர வேண்டும். நெஞ்சு மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். உதவி வரும் வரை நிறுத்தக் கூடாது.

இதற்குள் இன்னொருவர் ஊழியரைக் கூப்பிட வேண்டும். பல கப்பல்களில் அறை ஃபோனிலும் தளத்தில் உள்ள ஃபோனிலும் 911 அடித்தால் அவசர உதவி வரும். எண் கப்பலுக்குக் கப்பல் மாறலாம் என்பதால் ஏறிய அன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் "ஆல்ஃபா, ஆல்ஃபா" என்று அறிவிப்பு கேட்டால் பல கப்பல்களில் அது மருத்துவ அவசரம் என்று அர்த்தம். மருத்துவக் குழு கீழ்த் தளத்தில் இருந்து லிஃப்டிலோ படியிலோ ஏறி வர வேண்டும். குளம் பத்துப் பன்னிரண்டு மாடி மேலே. எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சில நிமிடங்கள் குளத்தோரம் நிற்பவர்கள் கையில்தான் இருக்கிறது. சி.பி.ஆர் பயிற்சி அரை நாளில் முடிந்துவிடும். கப்பல் டிக்கெட் விலையோடு பார்த்தால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

உடனே எழுந்து இருமிவிட்டு "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று ஓடும் குழந்தையையும் மெடிக்கல் சென்டரில் ஒருமுறை காட்டிவிடுங்கள். 'உலர் மூழ்கல்' என்று சோஷியல் மீடியாவில் பயமுறுத்துவதை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. நல்லா விளையாடிய குழந்தை மூன்று நாள் கழித்துத் திடீரென்று போய்விடுவதில்லை. ஆனால் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் அடுத்த சில மணி நேரங்களில், பெரும்பாலும் 8 மணி நேரத்துக்குள், இருமல் அதிகமாகும், மூச்சு வேகமாகும், குழந்தை சோர்ந்து போகும். அதுவரை கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தலையில் அடிபட்ட குழந்தை வாந்தி எடுத்தால்?

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஊரில் என்றால் தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தவுடன் பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். கப்பலில் அப்படி நடக்காமல் போக வாய்ப்பு அதிகம். "கடல் ஆட்டம் ஒத்துக்கலை, அதான் வாந்தி" என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவோம். பிறகு தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுப்போம். பிள்ளை தூங்கிவிடும். "பரவாயில்ல, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவோம்.

தலைக்குள் ரத்தக்கசிவு இருந்தால் அதன் அறிகுறியும் இதேதான்: வாந்தி, சோர்வு, தூக்கம். பயண வாந்திக்கு நாம் வாங்கிப் போகும் மாத்திரைகளில் பல ப்ரோமெத்தசின் வகை. அது தூக்கத்தை வரவைக்கும். எது மாத்திரையால் வந்த தூக்கம், எது மூளை பாதிப்பால் வந்த மயக்கம் என்று டாக்டருக்கே பிரித்துச் சொல்வது கஷ்டமாகிவிடும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இந்த மருந்தே கூடாது.

அதனால் குளத்தோரம் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் டாக்டர் பார்க்கும் வரை வாந்தி மாத்திரை கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, பேச்சில் குழறல், எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரம் கடத்தக் கூடாது. தலைகுப்புறக் குதித்துக் கழுத்தில் அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் நீங்களாகத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சு இருக்கிறது என்றால் அசையாமல் படுக்க வைத்து மருத்துவக் குழு வரும் வரை காத்திருங்கள்.

கப்பல் ஆஸ்பத்திரியில் என்ன இருக்கும், என்ன இருக்காது?

100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேல் சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் தகுதி பெற்ற டாக்டர் இருந்தே ஆக வேண்டும். 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறது. பெயரைக் கவனித்தீர்களா? அது கப்பல் ஊழியர்களுக்காக எழுதப்பட்ட விதி. பயணிகளுக்கு அதனால் லாபம், அவ்வளவுதான்.

பயணிகள் கப்பல் மருத்துவமனை எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க அவசர மருத்துவ நிபுணர்கள் கல்லூரி 1990-களில் இருந்தே வழிகாட்டுதல் வெளியிட்டு வருகிறது. பெரிய க்ரூஸ் நிறுவனங்களின் சங்கம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. டாக்டர் 24 மணி நேரமும் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும், அவருக்கு அவசர சிகிச்சை அனுபவம் வேண்டும், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி, ஈசிஜி, செயற்கை சுவாசக் கருவி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அது. நல்ல கப்பல்களில் இவை உண்மையிலேயே இருக்கின்றன. தையல் போடுவது, எலும்பு முறிவுக்குக் கட்டு, ஆஸ்துமா, காய்ச்சல் இவற்றை அங்கேயே பார்த்துவிடுவார்கள். மூழ்கிய குழந்தைக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டு கரை சேரும் வரை தாக்குப்பிடிக்க வைக்கவும் முடியும்.

இல்லாதது என்ன? பெரும்பாலான கப்பல்களில் சிடி ஸ்கேன் இல்லை. அதாவது தலைக்குள் ரத்தம் கசிகிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வழி இல்லை. குழந்தை மருத்துவர் என்று தனியாக இருக்க மாட்டார். மூளை அறுவை சிகிச்சை நிபுணர், குழந்தைகள் ஐசியு, ரத்த வங்கி எதுவும் இல்லை. ரத்தம் தேவைப்பட்டால் ஸ்பீக்கரில் அறிவித்து சக பயணிகளிடம் வாங்கிய சம்பவங்களும் உண்டு.

இதனால்தான் பல நிறுவனங்கள் 6 மாதம் நிறையாத கைக்குழந்தையை ஏற்றுவதில்லை. பல நாள் கரையே தெரியாத நீண்ட பயணம் என்றால் 12 மாதம் என்கிறார்கள். பிறவி இதய நோய், வலிப்பு, கடுமையான ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் பெற்றோர் மருந்தையும் டாக்டர் கடிதத்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் போட்டால் அது அறைக்கு வந்துசேர சாயங்காலம் ஆகிவிடலாம்.

ஹெலிகாப்டர் வருமா?

வரலாம். ஆனால் நாம் கேட்டவுடன் வராது. கப்பல் டாக்டர் சொல்ல வேண்டும், கேப்டன் முடிவெடுக்க வேண்டும், அந்தக் கடல் பகுதியின் கடலோரக் காவல் படை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் மும்பை, சென்னை, போர்ட் பிளேரில் கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் கடலோரப் படையின் ஜேஹாக் ஹெலிகாப்டரே கரையில் இருந்து சுமார் 300 கடல் மைல் வரைதான் போய்த் திரும்ப முடியும். காற்று, இருட்டு, மழை எல்லாம் சேர்ந்துகொண்டால் இன்னும் சிக்கல். ஆடும் கப்பலில் இருந்து நோயாளியை கயிற்றில் மேலே இழுப்பதே ஒரு ஆபத்துதான். அதனால் பல நேரம் கப்பலையே திருப்பிப் பக்கத்துத் துறைமுகத்துக்கு ஓட்டுவார்கள். 20 நாட் வேகத்தில் 100 கடல் மைல் போக 5 மணி நேரம் ஆகும்.

இறங்கும் துறைமுகம் எது என்பதும் முக்கியம். சின்னத் தீவில் இறக்கினால் அங்கும் குழந்தைகள் ஐசியு இருக்காது, அங்கிருந்து இன்னொரு விமானம் வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு பெற்றோர் குழந்தையோடு கிளம்ப, இன்னொருவர் மற்ற பிள்ளைகளோடு கப்பலில் தங்க வேண்டிய நிலையும் வரும்.

டாக்டர் தவறு செய்தால் யாரைக் கேட்பது?

1997-ல் கார்னிவல் கப்பல் ஒன்றில் பெற்றோருடன் போன 14 வயதுச் சிறுமிக்குக் கடுமையான வயிற்றுவலி. கப்பல் டாக்டர் பலமுறை பார்த்தார். குடல்வாலாக இருக்குமோ என்று பெற்றோர் கேட்டும் அது இல்லை, ஃப்ளூதான் என்றார். நம்பிக்கை இழந்த குடும்பம் பாதியிலேயே இறங்கி ஊருக்குப் போனது. அங்கே பார்த்தால் குடல்வால் வெடித்திருந்தது. அந்தப் பெண்ணால் பிற்காலத்தில் குழந்தை பெற்றுக்கொள்ள முடியாமல் போனது. வழக்கு பத்து வருடம் நடந்தது. 2007-ல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம், டாக்டரின் கவனக்குறைவுக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. டாக்டர் தனி ஒப்பந்தக்காரர், கப்பல் நிறுவனத்துக்கு மருத்துவம் தெரியாது, பயணியோடு உறவு டாக்டருக்குத்தான் என்பதுதான் பழைய வாதம்.

கப்பல் நிறுவனத்தின் சீருடை, கப்பலின் பேட்ஜ், பில் கப்பல் கணக்கில். ஆனால் தவறு நடந்தால் மட்டும் "அவர் எங்க ஆள் இல்லை". இதைப் படிக்கும்போது வரும் கோபம் 2014-ல் அமெரிக்காவின் 11-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் வந்திருக்கும் போல. ஒரு வயதான பயணி விழுந்து தலையில் அடிபட்டு, கப்பல் மருத்துவமனையில் சரியாகக் கவனிக்கப்படாமல் இறந்ததாக வந்த வழக்கு அது. சம்பளம், சீருடை, விளம்பரம் எல்லாவற்றையும் பார்த்த நீதிபதிகள், இப்படிப்பட்ட சூழலில் கப்பல் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போடலாம் என்றார்கள். மயாமியில் இருந்து இயங்கும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் இது பெரிய திருப்பம்.

வழக்கு போடலாம் என்பது வேறு, நியாயம் கிடைப்பது வேறு. அமெரிக்கக் கரையில் இருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் ஆழ்கடலில் ஒருவர் இறந்தால் 1920-ம் ஆண்டின் ஒரு சட்டம் பாயும். அதன்படி குடும்பம் கேட்கக்கூடியது பண இழப்பு மட்டுமே. மன வேதனைக்கு ஒன்றும் கிடையாது. சம்பாதிக்காத குழந்தை இறந்தால் என்ன பண இழப்பு? கிட்டத்தட்ட இறுதிச் சடங்குச் செலவுதான். நூறு வருடம் கடந்தும் கப்பல் பயணிகள் விஷயத்தில் அந்த விதி அப்படியே இருக்கிறது.

டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது?

யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்தில் மூன்று விஷயம் தேடுங்கள். எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், எத்தனை நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அமெரிக்க நிறுவனங்களின் டிக்கெட்டுகளில் பொதுவாக 6 மாதத்துக்குள் புகார், ஒரு வருடத்துக்குள் வழக்கு, அதுவும் பெரும்பாலும் மயாமியில் என்று இருக்கும். டிக்கெட்டில் எழுதிய ஊரில்தான் வழக்கு என்பது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர் சிறுவராக இருந்தால் காலக்கெடுவில் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ கிளம்பும் கப்பல்களின் டிக்கெட்டில் வேறு ஊர், வேறு கெடு இருக்கும். அதையும் புக் செய்யும் முன்பே கேட்டுடுங்க.

பில்லும் இன்சூரன்ஸும்

கப்பல் மருத்துவமனை இலவசம் இல்லை. டிக்கெட்டில் சாப்பாடு அடங்கும், சிகிச்சை அடங்காது. பார்த்த ஃபீஸ், மருந்து, எக்ஸ்ரே எல்லாம் உங்கள் கப்பல் கணக்கில் ஏறும். முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு இன்சூரன்ஸில் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண ஹெல்த் பாலிசி வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் உதவாது. டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது "க்ரூஸ் கப்பலில் நடக்கும் சிகிச்சை கவர் ஆகுமா? கடலில் இருந்து ஹெலிகாப்டரிலோ ஏர் ஆம்புலன்ஸிலோ கொண்டுபோனால் எவ்வளவு வரை தருவீர்கள்? குழந்தையோடு கூடப் போகும் பெற்றோர் செலவு உண்டா?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்து இரண்டு நாள் கடலைச் சுற்றிவிட்டு சென்னைக்கே திரும்பும் பயணத்துக்கும் இதையே கேளுங்கள்.

விபத்து நடந்துவிட்டால், குழந்தைக்குச் சிகிச்சை தொடங்கியதும் ஒருவர் காகித வேலையைப் பார்க்க வேண்டும். குளத்தைச் சுற்றியுள்ள இடம், தரை, எச்சரிக்கைப் பலகை, லைஃப்கார்டு நாற்காலி எல்லாவற்றையும் நேரம் தெரியும்படி ஃபோட்டோ எடுங்கள். பார்த்தவர்களின் பெயரும் நம்பரும் வாங்குங்கள், இரண்டு நாளில் அவர்கள் ஒவ்வொரு ஊருக்குப் பறந்துவிடுவார்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்கு ஒப்புகை கேளுங்கள். அவர்கள் எழுதும் சம்பவ அறிக்கையில் கையெழுத்துக் கேட்டால் முழுவதும் படித்த பிறகு மட்டும் போடுங்கள். கப்பலில் இருந்து இறங்கும் முன் மெடிக்கல் சென்டரில் சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே பிரதி, கொடுத்த மருந்துகளின் பட்டியல், பில் நான்கையும் கையில் வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியதும் குழந்தை மருத்துவர் முதலில் கேட்கப் போவது அந்தக் குறிப்பைத்தான்.